வயிறு நிறைந்தது, கால் ஓடவில்லை

14வது கிலோமீட்டரைத் தாண்டி நூறு இருநூறு மீட்டர் போயிருப்பேன், கால் நின்றுவிட்டது. வலி கிடையாது, பிடிப்பு கிடையாது, மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. ஓடு என்றால் ஓடுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். கையில் லேசான நடுக்கம், எதிரே இருப்பதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனதுபோல ஒரு மந்தம், யாராவது ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேனோ என்கிற மாதிரி ஓர் எரிச்சல். இதே தூரத்தை ஒரு மாதம் முன்னால் பேசிக்கொண்டே ஓடியவன் நான். வீடு வரை நடந்தே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து ஐந்து வாழைப்பழம் தின்றேன். கால் மணி நேரத்தில் உலகம் பழையபடி வந்துவிட்டது. ஐந்து வாரமாக இனிப்பான பழத்தைத் தவிர வேறு எதையும் அதிகம் தொடாத ஒருவனுக்குச் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கிறது! சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பழத்துக்கு நான் மாறியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. காலையில் ஓடப் போகும்போது வயிறு கனமாக இருந்தது, பழம் மட்டும் தின்ற நாட்களில் லேசாக இருந்தது, சரி, முழு நாளும் இப்படியே இருந்து பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் பிரமாதம். உடம்பு மிதந்தது. எடை இரண்டரை கிலோ இறங்கியது, அதையும் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டேன். தசையும் ஈரலும் கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேமிக்கின்றன என்பதும், அப்படிச் சேமிக்கப்படுகிற ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதும், கையிருப்பு காலியாகும்போது அந்தத் தண்ணீரும் சேர்ந்து போவதால் தராசு வேகமாக இறங்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மெலிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, நான் காலியாகிக்கொண்டிருந்தேன். அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். வீடியோ அழைப்பை எடுத்ததும், "என்னடா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு? பழம்தான் சாப்பிடுறியா, இல்ல பழத்தைப் பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கியா?" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

கால் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் உட்கார்ந்து முந்தைய நாள் தின்றதை எழுதிக் கணக்குப் போட்டேன். நடுத்தர வாழைப்பழம் 4, தர்பூசணி தோல் நீக்கி ஒரு கிலோ, ஆப்பிள் 2, ஆரஞ்சு 2, ஒரு கிண்ணம் திராட்சை, சுமார் 200 கிராம். கூட்டினால் எடை 2 கிலோவுக்கு மேல். வயிறு புடைக்கத் தின்ற நாள் அது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. கலோரி? 1,200 கூட இல்லை. கார்போஹைட்ரேட், அதாவது சர்க்கரையும் மாவுச்சத்தும், சுருக்கமாகக் கார்ப், சுமார் 300 கிராம். என் எடை அப்போது 62 கிலோ. சமதரையில் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் என்பது நல்ல தோராயக் கணக்கு. அப்படியென்றால் 10 கிலோமீட்டருக்கு 620. தின்றதில் பாதிக்கு மேல் ஓட்டத்துக்கே போய்விட்டது. மீதியில் இதயம், மூளை, ஈரல், நடை, வேலை எல்லாம் நடந்தாக வேண்டும். ஐந்து வாரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

இதில் வில்லன் தர்பூசணி. 100 கிராமில் 91 கிராமுக்கு மேல் தண்ணீர், கார்ப் 7.5 கிராம்தான். வெயிலில் தாகத்துக்கு அதைவிட நல்லது இல்லை, எரிபொருளாக நம்பினால் மோசம் போவீர்கள். அதே 100 கிராம் மாம்பழத்தில் 15, திராட்சையில் 18, வாழைப்பழத்தில் 23, உலர்திராட்சையில் 79. மெட்ஜூல் வகைப் பெரிய பேரீச்சை ஒன்றிலேயே 18 கிராம் இருக்கிறது. சின்னப் பேரீச்சை என்றால் 5 கிராம் பக்கம்தான் வரும், அதனால் "ரெண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டேன்" என்று யாராவது சொன்னால் எந்தப் பேரீச்சை என்று கேட்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. பழம் என்கிற ஒரே சொல்லுக்குள் பத்து மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. அதை உணராமல் நாக்குக்குப் பிடித்ததை மட்டும் தின்றதுதான் என் முதல் தப்பு.

தினமும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு விளையாட்டு ஊட்டச்சத்தில் பொதுவாகச் சொல்லும் அளவுகளையே பிடித்துக்கொண்டேன். லேசான பயிற்சி நாளில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் கார்ப், தினம் ஒரு மணி நேரம் நடுத்தரப் பயிற்சி என்றால் 5 முதல் 7, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகச் செய்கிறவர்களுக்கு 6 முதல் 10. என் பழைய நாள் கணக்கு 4.8. ஓய்வெடுக்கிறவனுக்குப் போதும், வாரம் ஐந்து நாள் ஓடுகிறவனுக்குப் போதாது. 7 கிராம் என்று வைத்தால் எனக்கு ஒரு நாளைக்கு 434 கிராம். பத்து வாழைப்பழத்தில் 270, பத்து மெட்ஜூலில் 180, ஆக 450. கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் நாள் முழுக்கப் பிரித்துத் தின்றால் ஒரு கிலோ தர்பூசணியை ஒரே மூச்சில் முடிப்பதைவிட லேசு. நாட்டம் இருந்தால் மாம்பழம், திராட்சை, அன்னாசி என்று மாற்றிக்கொள்ளலாம். அடர்த்தியான பழம் அடித்தளம், தண்ணீர்ப் பழம் மேலே தூவுவதற்கு. அந்த ஒரே மாற்றத்தில் பத்து நாளில் என் ஓட்டம் திரும்பி வந்தது. சும்மா சொல்லவில்லை, 14 கிலோமீட்டரைத் தாண்டிய மறுவாரமே 17 போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜிம்மில் இருந்த ஒரு பயிற்சியாளர் இவ்வளவு பழச் சர்க்கரையும் நேராகக் கொழுப்பாகிவிடும் என்று பயமுறுத்திக்கொண்டே இருந்தார். கையிருப்பு காலியாக இருக்கும் உடம்பு அப்படிச் செய்வதில்லை. தசைகளில் 400 முதல் 500 கிராம் வரை, ஈரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன் கொள்ளும், பயிற்சி செய்தால் அந்தக் கிடங்கு தினமும் இறங்கும், நிரப்ப இடம் இருக்கும். 1966இல் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே சைக்கிளில் ஆளுக்கு ஒரு கால் வைத்து மிதித்துக் களைத்தார்கள், மற்ற கால் ஓய்வில் இருந்தது, அப்புறம் மூன்று நாள் கார்ப் நிறைந்த சாப்பாடு. தங்கள் தொடைத் தசையிலிருந்தே துணுக்கு எடுத்துப் பார்த்தபோது மிதித்த காலில் ஓய்ந்த காலைப்போல இரு மடங்கு கிளைகோஜன். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு. வேலை செய்த தசைதான் இழுத்து வைத்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்துகொண்டு தேவைக்கு மேல் 450 கிராம் தின்றால் அது வேறு கதை. சர்க்கரை நோய் இருக்கிறவர்கள், மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் என் கணக்கை எடுத்துக்கொள்ளவே கூடாது, அவர்களுக்கு மருத்துவரோடு உட்கார்ந்து போடுகிற கணக்கு தனி.

அளவு சரியானதும் அடுத்த பிரச்சினை நேரம். ஒரு சாயங்காலம் வேக ஓட்டப் பயிற்சிக்கு நாற்பது நிமிடம் முன்னால் இரண்டு பேரிக்காய், ஒரு ஆப்பிள் தின்றுவிட்டுப் போனேன். மூன்றாவது சுற்றில் வயிற்றுக்குள் ஒரு கச்சேரி ஆரம்பித்தது, ஐந்தாவது சுற்றில் கழிப்பறையைத் தேடி ஓடினேன், அன்றைக்கு என் அதிவேகமான 400 மீட்டர் அதுதான். காரணம் அப்புறம் புரிந்தது. ஆப்பிள், பேரிக்காய் இரண்டிலும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையைவிட ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை நிறைய அதிகம். கூடவே சார்பிட்டால் என்ற குடல் லேசில் உறிஞ்சாத இன்னொரு சர்க்கரை வகையும் உண்டு. உறிஞ்சாமல் மிஞ்சுவது தண்ணீரை இழுத்து, பெருங்குடலில் புளித்து, வாயுவாகும். நார்ச்சத்து வேறு. வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை, பேரீச்சை இவற்றில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் எனக்கு ஒத்துப்போகிறது. மாம்பழம் ஃப்ரக்டோஸ் பக்கம் சாயும், அதைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன்.

வாழைப்பழத்திலும் பழுத்த அளவு முக்கியம். பச்சை மாறாத காயில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, அதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமலே போய்விடும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தில் அது பெரும்பாலும் சர்க்கரையாகிவிட்டிருக்கும். ஓடுவதற்கு முன் புள்ளி விழுந்ததுதான். பெரிய பயிற்சிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று நான்கு பழம். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 4 கிராம் கார்ப், ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு முன் என்பது பொது விதி, நேரம் குறையக் குறைய அளவும் குறைய வேண்டும். விடியற்காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அப்போது ஒரே ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சை, பதினைந்து நிமிடத்துக்கு முன். இரவு முழுக்க ஈரல் தன் கையிருப்பிலிருந்துதான் மூளைக்குக் குளுக்கோஸ் அனுப்பியிருக்கும், காலையில் அது மெலிந்து கிடக்கும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்குத்தான் முதலில் போகிறது, அதனால் காலைக்குப் பழம் பொருத்தமான சாப்பாடு என்பது என் கட்சி. சிலருக்கு முக்கால் மணி நேரம் முன்னால் இனிப்பு தின்றால் ஓட ஆரம்பித்ததும் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலை கிறுகிறுக்கும். எனக்கும் இரண்டு தடவை ஆனது. நன்றாக முன்னாலேயே தின்றுவிடுவது, இல்லையென்றால் கிளம்பும் தறுவாயில் தின்பது, இரண்டுமே எனக்குப் பிரச்சினை தரவில்லை.

ஓடும்போது என்ன தின்பது? முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு மணி நேரம் கடுமையாகச் செய்கிற இடத்தில், இனிப்பு பானத்தை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினால்கூட வேகம் கொஞ்சம் கூடுவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், மூளையை ஏமாற்றுகிற வேலை. அதற்கு மேல் நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் 90 வரை போகலாம், ஆனால் அதற்கு இரண்டு சர்க்கரையும் வேண்டும். குளுக்கோஸ் குடலைக் கடக்கிற வாசல் வேறு, ஃப்ரக்டோஸின் வாசல் வேறு. குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராம் வரைதான் போகும், இரண்டாவது வாசலையும் திறந்தால் கூடுதலாக உள்ளே வரும். பழத்தில் இரண்டும் இயல்பாகவே இருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

2012இல் வெளியான ஓர் ஆய்வில் 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டவிட்டு, ஒரு தடவை வாழைப்பழமும் இன்னொரு தடவை சம அளவு கார்ப் உள்ள விளையாட்டு பானமும் கொடுத்தார்கள். முடித்த நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வாழைப்பழம் தின்றபோது வயிறு உப்பின மாதிரி இருந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், எனக்கும் அப்படித்தான். ஓடும்போது வயிறு குலுங்குவதால் சைக்கிளைவிட மோசம். அதனால் ஓட்டத்தின் நடுவே வாழைப்பழத்தை விட்டுவிட்டு, கொட்டை எடுத்த மெட்ஜூலைப் பாதியாகக் கிழித்து ஒரு சின்னப் பையில் போட்டுக்கொள்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு பழம், இரண்டு பாதியாக. மணிக்கு 54 கிராம். பசிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும், கால் நின்ற பிறகு தின்பது சமையல் முடிந்த பிறகு அடுப்பு பற்றவைக்கிற கதை. முதல் நாளே மூன்று தின்றால் வயிறு எதிர்க்கும், நான் மணிக்கு ஒன்றில் ஆரம்பித்து ஐந்தாறு வாரத்தில் மூன்றுக்கு வந்தேன். குடலும் பழகும், தசை மாதிரியே.

இப்போது உப்பு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பழம் சாப்பிடுகிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. "வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, அதனால் பிடிப்பு வராது" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இருக்கிறது, ஒரு பழத்தில் 420 மில்லிகிராம். ஆனால் வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் உப்பில் இருக்கிற சோடியம். ஒரு வாழைப்பழத்தில் சோடியம் 1 மில்லிகிராம். ஆமாம், ஒன்று. எல்லாப் பழமும் கிட்டத்தட்ட இப்படித்தான். சமைத்த சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கு உப்பு தானாக வந்துவிடுகிறது, அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. நான் சமையலை விட்டபோது உப்பையும் சேர்த்து விட்டுவிட்டேன், அது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு கடும் வெயில் நாள், இரண்டு மணி நேர ஓட்டம், தண்ணீர் தாராளமாகக் குடித்தேன், வந்ததும் தர்பூசணி வேறு. சாயங்காலம் தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. தாகத்துக்கு மீறிச் சாதாரணத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. அன்று எனக்கு வந்தது அதன் தொடக்கம்தானா என்று சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் பயந்துவிட்டேன். இப்போது நீண்ட ஓட்டத்துக்கு நானே கலக்குகிறேன்: கால் லிட்டர் வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு, கால் லிட்டர் தண்ணீர், அரைக்கால் டீஸ்பூன் உப்பு. கார்ப் சுமார் 25 கிராம், சோடியம் 300 மில்லிகிராம் பக்கம். இந்தப் பானம் குடிக்கிற மணி நேரத்தில் பேரீச்சையை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்துக்கொள்வேன். சாற்றைத் தண்ணீர் சேர்க்காமல் குடித்தால் வயிற்றில் தங்கிக் குலுங்குகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

எடைப் பயிற்சியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒரு மணி நேர எடைப் பயிற்சி நீண்ட ஓட்டம்போலக் கிடங்கைக் காலி செய்யாது. முன்னால் ஒரு வாழைப்பழம் போதும். ஆனால் என் ஸ்குவாட் எடை, அதாவது தோளில் சுமந்து உட்கார்ந்து எழுகிற எடை, மூன்று மாதத்தில் 15 கிலோ இறங்கியது, அதற்குக் கார்ப் காரணமில்லை, புரதம். மேலே சொன்ன பத்து வாழைப்பழம், பத்துப் பேரீச்சை இரண்டிலும் சேர்த்துப் புரதம் 17 கிராம் பக்கம்தான். பயிற்சி செய்யாத பெரியவர்களுக்கே ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம், அதாவது எனக்கு 50 கிராம். தசைக்காகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை, 87 முதல் 124. எந்தப் பழத்தை எவ்வளவு தின்றாலும் இந்த இடைவெளி அடைபடாது. எட்டாவது மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏற்கெனவே எல்லையில் இருந்த வைட்டமின் பி12 இன்னும் கீழே போயிருந்தது, இரும்புச் சேமிப்பும் குறைவு. பழத்தில் பி12 கிடையாது, இதில் விவாதமே இல்லை.

அன்றோடு "பழம் மட்டும்" என்பதை விட்டு "பழம் பிரதானம்" என்று மாறினேன். பகல் முழுக்கப் பழம், பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் உடனே பின்னும் பழம். இரவில் பயறு அல்லது டோஃபு அல்லது முட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு, கீரை, ஒரு கைப்பிடி கொட்டை வகைகள், தேவையான உப்போடு. பி12 மாத்திரை தனி. மறுநாளும் கடினமான பயிற்சி இருந்தால் உருளைக்கிழங்கு கொஞ்சம் கூடும். தசைக் கிளைகோஜனை நிரப்ப ஃப்ரக்டோஸைவிடக் குளுக்கோஸ் வசதி, உருளைக்கிழங்கின் ஸ்டார்ச் முழுக்கக் குளுக்கோஸாகத்தான் உடையும். சிலர் இதைத் தோல்வி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், என் ஸ்குவாட் திரும்பி வந்துவிட்டது.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் சிரமப்பட்டுத்தான் கற்றேன். பத்து வாழைப்பழம், பத்துப் பேரீச்சையிலேயே நார் 47 கிராம் வந்துவிடுகிறது, காலையில் எங்கே நின்று எங்கே ஓடுவது? முந்தின நாள் மட்டும் பாதிப் பழத்தை வடிகட்டிய சாறாக மாற்றிக்கொள்கிறேன். மற்ற நாட்களில் சாறு வேண்டாம் என்பேன், அன்றைக்கு மட்டும் விதிவிலக்கு.

பல்லை மறந்துவிடாதீர்கள். ஒரு நாளில் பத்துத் தடவை பழம் என்றால் பத்துத் தடவை அமிலமும் சர்க்கரையும். ஒரு வருடத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச ஆரம்பித்தது. பல் மருத்துவர் சொன்னது எளிமையானது: தின்றதும் தண்ணீரால் கொப்பளி, உடனே பிரஷ்ஷை எடுக்காதே, அரை மணி நேரமாவது போகட்டும். அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலை அப்போதே தேய்த்தால் தேய்ந்துபோகும். பேரீச்சை பல்லிடுக்கில் ஒட்டுவதால் அதற்குக் கொப்பளிப்பது கட்டாயம். கொறித்துக்கொண்டே இருப்பதையும் நிறுத்தி ஐந்து வேளையாகச் சுருக்கினேன்.

போன ஞாயிறு 24 கிலோமீட்டர். ஐந்தரை மணிக்கு மூன்று வாழைப்பழம், ஏழரைக்குக் கிளம்பல், பையில் ஆறு பேரீச்சை, கையில் உப்புக் கலந்த சாறு. 14வது கிலோமீட்டர் எப்போது கடந்தது என்று கவனிக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது பையில் ஒரு பேரீச்சை மிச்சம் இருந்தது, அக்காவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "சரி, அதையும் தின்னு" என்று பதில் வந்தது.